ஜமுனாமரத்தூரிலிருந்து நியூயார்க்: மாநாட்டுக்குப் போகிறவருக்குச் சில உருப்படியான யோசனைகள்

முதலில் வாழ்த்துகள். பெண்ணுரிமை பற்றிய சர்வதேச மாநாட்டுக்கு நீங்கள் தன்னார்வப் பிரதிநிதியாகத் தேர்வாகியிருக்கிறீர்கள். இதன் கணக்கை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட், விசா, தங்கும் இடம், சாப்பாடு நான்கும் உங்கள் செலவு. பிரதிநிதி என்ற பட்டம் மட்டும் அவர்கள் செலவு.

மாநாடு என்று நாம் ஊரில் சொல்லிக்கொள்வது, ஐ.நா.வின் மகளிர் நிலை ஆணையம் ஆண்டுதோறும் மார்ச்சில் நியூயார்க்கில் கூட்டும் கூட்டத்தை. 1946-ல் அமைத்த ஆணையம். உள்ளே நுழைய அரசாங்கத்து ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்திடம் ஆலோசனைத் தகுதி வாங்கிய தொண்டு நிறுவனம் ஏதாவது உங்கள் பேரைக் கொடுக்க வேண்டும். ஜமுனாமரத்தூர் இருக்கும் நம் ஜவ்வாது மலையில் ஆலோசனை சொல்லத் தகுதியுள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் காகிதம்தான் இல்லை. ஆகவே சென்னையிலோ டெல்லியிலோ காகிதம் வைத்திருக்கும் நிறுவனத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கும் நீங்கள் வேண்டும். 'கிராமப்புறப் பெண்களின் குரல்' என்று கலந்துரையாடல் போட்டு, பேசுகிற ஐந்து பேரும் தெற்கு டெல்லிக்காரர்களாகவே இருந்தால் படம் சரியாக விழாது.

பேர் விஷயம்

பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். ஓ.டி.பி. வரும். உங்கள் குக்கிராமத்தில் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் என்றால், தம்பியைப் போனோடு பாறையில் நிறுத்திவிட்டு நீங்கள் இ-சேவை மையத்தில் உட்காராதீர்கள். அவன் கத்தும் எண் ஜமுனாமரத்தூர் வரை கேட்காது. போனைக் கையோடு எடுத்து வாருங்கள். இதெல்லாம் ஒரு யோசனையா என்று கேட்கலாம். பாதி விண்ணப்பங்கள் இங்கேதான் விழுந்துபோகின்றன.

அடுத்தது பேர். நீங்கள் லட்சுமி, அப்பா கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் கோ. லட்சுமி. படிவத்திலோ 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாதே என்று வெறுமே விட்டால், அமெரிக்க விசாவில் லட்சுமி குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயருக்கு நேரே 'எஃப்.என்.யூ.' என்று அடித்திருப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. சரி, அப்பா பேரையே எழுதிவிடுவோம் என்றால் கழுத்தில் தொங்கும் அட்டையில் லட்சுமி கோவிந்தன் என்று வரும், எல்லோரும் மரியாதையாக 'மிஸ் கோவிந்தன்' என்பார்கள். பெண்ணுரிமை மாநாட்டில் இரண்டு வாரம் அப்பா பேருக்குத் திரும்பிப் பார்க்க வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

சொத்து விவரம்

2025-ல் விசாக் கட்டணம் 185 டாலராக இருந்தது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். நான் போட்ட கணக்கில் ஏறக்குறைய 47 நாள் மண் வெட்டினால் கட்டணம் தேறும், நடுவில் சாப்பிடாமல் இருந்தால். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது.

சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரகம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி இருப்பார். சுற்றுலா விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறவர் என்றுதான் அவர் முதலில் நினைத்தாக வேண்டும். அவர்கள் நாட்டுச் சட்டமே அப்படி. இல்லை, திரும்பி வருவேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. வேலை, வருமானம், குடும்பம், சொத்து, இவற்றில் எது உங்களை ஊருக்கு இழுத்துவரும் என்று அவர் பார்ப்பார்.

சொத்தில்தான் சிக்கல். மேட்டு நிலம் இருக்கிறது. சாமையும் கேழ்வரகும் போடுகிறீர்கள். விதைக்கிறது, களை எடுக்கிறது, அறுக்கிறது, புடைக்கிறது எல்லாம் நீங்கள்தான். ஆதாரம் வேண்டுமே என்று சிட்டா எடுக்கப் போனால் திரையில் வருவது தாத்தா பேர்.

"இது யாருக்கா?"

"எங்க தாத்தா."

"அவரை ஒரு எட்டு வரச் சொல்லுங்க."

தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று அந்தப் பையனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பேர் மாற்ற வாரிசுச் சான்று கேட்பார்கள். சான்றில் உங்கள் பேரும் இருக்கும், அதில் குறை இல்லை. நிலத்தைப் பிரிக்க வீட்டில் உட்காரும்போதுதான் விஷயம் வரும். "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு எதுக்குமா நெலம்?" இதை அண்ணன் கேட்க மாட்டார். அண்ணி கேட்பார். அண்ணன் அந்த நேரத்தில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, ரொம்ப நிதானமாக மடித்துக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் ஆவேசப்பட்டு "1989 சட்டம் என்ன சொல்லுது தெரியுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் திருத்தம் கொண்டுவந்தது, நாடு முழுவதற்கும் அது 2005-ல் வந்தது, எல்லாம் சரி. அந்தத் திருத்தங்கள் எல்லாம் குந்தியிருப்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மேல். அதில் 2(2) என்று ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு தனியாக அறிவிக்கை போட்டாலொழிய இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது அது. இந்த மலையில் வாழும் மலையாளி என்ற சமூகத்தார் பட்டியல் பழங்குடி. ஆக, போளூர் பஜாரில் கடை வைத்திருப்பவரின் மகள் கோர்ட்டில் நின்று கேட்க முடிகிற பங்கை, அங்கே பஸ் ஏறி மலைக்கு வந்தால் அதே மாதிரி கேட்க முடியாது. மலையில் வழக்கம் எதுவோ அதுதான் சட்டம். வழக்கம் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள் பக்கம். வழக்கம் இன்னதென்று சாட்சி சொல்ல வருகிறவர், கொஞ்சம் முன்னால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்.

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. 2022 டிசம்பரில், இந்தப் பிரிவைத் திருத்துவது பற்றி யோசியுங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் இமாச்சல வழக்கொன்றில், இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது, அதை நீதிமன்றம் நீட்டிக்கொடுக்கவும் முடியாது என்றது. மூன்று தீர்ப்பையும் விமானத்தில் வைத்துப் படியுங்கள். தலை எப்படியும் சுற்றத்தான் போகிறது.

தூதரக ஜன்னலில் இதையெல்லாம் விளக்க நேரம் கிடைக்காது. நிலத்தை விட்டுவிட்டு ஆட்களைக் காட்டுங்கள். இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், சினையாக இருக்கும் ஒரு மாடு, மகளிர் குழுவில் அடைத்து முடிக்காத கடன். கடன் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். நிலம் வைத்திருப்பவர்கூட ஓடிப்போகலாம், குழுக் கடன் வைத்திருப்பவள் எங்கேயும் போக முடியாது. இது தூதரகத்துக்குத் தெரியாவிட்டாலும் ஜமுனாமரத்தூருக்குத் தெரியும்.

பெட்டியில் என்ன வைப்பது

மார்ச்சில் நியூயார்க் குளிரும். மார்கழியில் மலையில் போர்த்துகிற கம்பளி போதாது, அதன் மேல் இன்னொன்று வேண்டும். அரிசி, பருப்பு, விதை வகையறாவை அமெரிக்கச் சுங்கத்தில் லேசில் விடமாட்டார்கள்; சாமை கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போடுவதைவிடப் புளிக்காய்ச்சல் பாட்டிலை இறுக மூடிக்கொண்டு போகலாம். நம் மலைப் புளிக்கு ஈடு அங்கே கிடையாது.

புடவை வையுங்கள். "பாரம்பரிய உடை ஏதும் கொண்டுவந்தீர்களா?" என்று ஏற்பாட்டாளர் கேட்பார். கட்டியிருக்கும் புடவையைக் காட்டினால் அவர் முகம் வாடும். அவர் எதிர்பார்த்தது இறகோ பாசிமணியோ. ஒரு நடனம் ஆட முடியுமா என்றும் கேட்கலாம். முடியும், ஆனால் ஆடுகிற நேரத்தை உங்களுக்குப் பேசத் தரும் மூன்று நிமிஷத்தில் கழிக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மலையாளி என்று அறிமுகம் செய்ததும் கேரளத்துப் பிரதிநிதி ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொள்வார். விலக வேண்டாம், நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

முன்னால் போனவர்கள்

இந்த வழியில் போகிற முதல் ஆள் நீங்கள் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி லண்டனில் மேற்படிப்பில் இருந்தபோது, 1926-ல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போனார். ஊர் திரும்பியதும் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமனமானார், அதன் துணைத் தலைவரும் ஆனார். 1927-ல் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானம் கொண்டுவந்தார். முறையை ஒழிக்கிற சட்டம் 1947-ல் வந்தது. மாநாட்டின் சூடு ஆறாமல் வேலையை ஆரம்பித்தவருக்கே இருபது வருஷம் பிடித்திருக்கிறது. திரும்பி வரும்போது உங்களுக்கு எந்தச் சபையிலும் நாற்காலி போட்டு வைத்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பெரிய மாநாடு என்றால் 1995 பெய்ஜிங். அரசாங்கங்கள் பெய்ஜிங்கில் உட்கார, தொண்டு நிறுவனங்களுக்கு ஒதுக்கிய இடம் ஹுவைரோ என்ற ஊர், தலைநகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய 30,000 பேர் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது, கூடாரம் ஒழுகியது, போனவர்கள் சேற்றில் நடந்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. மனு கொடுக்க வருகிறவர்களைத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிறுத்துவதும் இதே முறைதான். ஆனால் அந்தச் சேற்றுக்குள் உட்கார்ந்துதான் பல நாட்டுப் பழங்குடிப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு பிரகடனம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய அரங்கத்தின் அறிக்கை எங்களைத் தொடவில்லை, நிலத்தையும் தொடவில்லை என்பது அவர்கள் வாதம். நிஜ மாநாடு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அரங்கத்துக்குள்

சீக்கிரம் போங்கள் என்று சொல்லத்தான் ஆசை. 2025 மார்ச்சில் பெய்ஜிங் மாநாட்டின் முப்பதாம் ஆண்டுக் கூட்டம் 10-ஆம் தேதி தொடங்கி 21 வரை நடந்தது. அதன் அரசியல் பிரகடனம் நிறைவேறியது 10-ஆம் தேதி. கல்யாணத்துக்குப் போனவர் பஸ்ஸை விட்டு இறங்குமுன் தாலி கட்டியாயிற்று, மீதி நாளெல்லாம் மொய் எழுதும் வேலை. கடைசி நாள் போராடி ஒரு வரியைச் சேர்த்துவிடலாம் என்ற நினைப்போடு போகிறவர்கள் இதை மனசில் வையுங்கள். வரிகளை எழுதும் பேரம் பல வாரம் முன்பே தூதர்களுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு முடிந்துவிடுகிறது.

ஐ.நா. கட்டடத்துக்குள்ளே நடப்பவை பக்க நிகழ்ச்சிகள், எதிரே சர்ச் சென்டரிலும் மற்ற கூடங்களிலும் நடப்பவை இணை நிகழ்ச்சிகள். இரண்டிலும் உங்கள் மலையைப் பற்றி நிபுணர்கள் பேசக் கேட்கலாம். தூரத்தில் இருப்பதை உற்றுப் பார்க்கிறவர்கள் நமக்குப் புதிதா என்ன, நம் மலையிலுள்ள காவலூரில் 93 அங்குலத் தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. அவர்களாவது பார்த்ததைக் குறித்து வைக்கிறார்கள்.

வெற்றிக்கதை ஒன்று சொல்லச் சொல்வார்கள். ஸ்ரீபதியைச் சொல்லுங்கள். ஜவ்வாது மலையை ஒட்டிய புலியூர்க்காரர், பிரசவமாகி இரண்டே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னையில் தேர்வு எழுதினார், 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் தேறினார். 2024-ல் தமிழ்நாடே கொண்டாடியது. அரங்கம் கைதட்டும். கைதட்டு ஓய்ந்ததும், பச்சை உடம்போடு அவ்வளவு தூரம் போகாமல் பக்கத்திலேயே எழுதுகிற மாதிரி ஒரு ஏற்பாடு ஏன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். நேரம் முடிந்துவிட்டது என்பார்கள்.

மூன்று நிமிஷம்

வாய்மொழி அறிக்கைக்கு மூன்று நிமிஷம். தாண்டினால் மைக் செத்துவிடும். நீங்கள் எழுதியது இப்படி இருக்கும்: "எங்க ஊர்ல அப்பா செத்தா நெலம் அண்ணனுக்கு. புருஷன் செத்தா கொழுந்தனுக்கு. உழுறது நாங்க. லோன் கேட்டா பட்டா எங்கங்கறாங்க." நிறுவனத்து ஆபீசில் திருத்தி அனுப்புவது: "நிலம் சார்ந்த பாலின இடைவெளிகளைக் களைய அனைத்துப் பங்காளிகளின் ஒருங்கிணைந்த அணுகுமுறை இன்றியமையாதது." நிலத்தை எடுத்துக்கொண்டவர்களே பங்காளிகள்தான், அவர்களையே மறுபடி கூப்பிட்டு ஒருங்கிணைக்கச் சொல்கிறோமே என்று கேட்டால் சிரிப்பார்கள். நீங்கள் எழுதியதையே வாசியுங்கள். திருத்தியதைக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதியைச் சேர்க்கலாமா என்று யோசிப்பீர்கள். சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற இருபது பேரில் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களும் உண்டு. செம்மரம் வெட்டக் கூலிக்குப் போகிறவனுக்கு ஊரில் காடு கழனி போதவில்லை. அவன் செத்தபின் அவன் மனைவி பேரில் அதுவும் இல்லை. இந்த ஆண்டின் கருப்பொருளோடு பொருந்தவில்லை என்று நீக்கச் சொல்வார்கள். சேர்த்துவிடுங்கள். வேண்டுமானால் வாழ்த்துரையைக் குறைக்கலாம். மாண்புமிகுகளுக்கு மட்டும் நாற்பது விநாடி போகிறது.

ஒரே ஒரு காகிதத்தைக் கையில் வைத்திருங்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கை, 1979. அதன் 14-ஆம் பிரிவு கிராமத்துப் பெண்களுக்கென்றே எழுதியது, நிலச் சீர்திருத்தத்தில் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. இந்தியா இதை 1993-ல் ஏற்றுக்கொண்டது. ஏற்கும்போதே ஒரு அறிவிப்பையும் கூடவே கொடுத்தது: வழக்கங்களை மாற்றச் சொல்லும் 5-ஆம் பிரிவின் ஒரு பகுதியையும் குடும்ப விவகாரம் பற்றிய 16-ஆம் பிரிவின் முதல் பகுதியையும் பொறுத்தவரை, எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அந்தச் சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடமாட்டோம் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சமூகத்தின் சம்மதத்தை யாரிடம் போய்க் கேட்பது? கூட்டம் போட்டால் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் ஆண்கள், பின்னால் நின்று டீ கொடுக்கிறவர்கள் நாம். முன்முயற்சி என்று அந்த அறிவிப்பு சொல்வதை டீ கொடுக்கிறவர்கள் ஆரம்பித்தால் செல்லுமா செல்லாதா? இந்தக் கேள்விக்குப் பதில் நியூயார்க்கில் கிடைக்காது. அங்கே கேட்டால் டெல்லியைப் பார் என்பார்கள், டெல்லியில் கேட்டால் சமூகத்தைப் பார் என்பார்கள். டிக்கெட் எடுக்குமுன்பே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஐந்தாம் அவென்யூவைப் பார்க்காமல் போய்விடுவீர்கள்.

திரும்பி வந்தபின்

நிறுவனத்துக்கு அறிக்கை எழுதித் தர வேண்டும். "கற்றுக்கொண்டவை" என்று ஒரு பகுதி இருக்கும், அரைப் பக்கம் போதும். குழு அக்காக்கள் சாக்லேட் கேட்பார்கள், அதில் கஞ்சத்தனம் கூடாது. அனுபவத்தைச் சொல்லச் சொன்னால் குளிரைப் பற்றியும் லிப்டைப் பற்றியும் சொல்லி முடித்துவிட்டு, தீர்மான நோட்டை எடுங்கள்.

வன உரிமைச் சட்டம், 2006. பிரிவு 4(4). இந்தச் சட்டப்படி கொடுக்கும் நிலத்தை விற்க முடியாது, வாரிசுக்குப் போகும். கல்யாணமானவர் என்றால் புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் சேர்த்துத்தான் பதிய வேண்டும். இது மலைக்குப் பொருந்தும், யாரும் அறிவிக்கை போட வேண்டியதில்லை. உங்கள் குழுவில் எத்தனை பேர் வீட்டு வன உரிமைப் பட்டாவில் பெண் பேர் விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொரு பட்டாவையும் வாங்கிப் பாருங்கள். டிரங்குப் பெட்டிக்கு அடியில், மஞ்சள் பையில் மடித்து வைத்திருப்பார்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் நகல் எடுங்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. உங்கள் மாநாடு முடிவதும் அதை ஒட்டித்தான், அதைத் தவறவிட்டிருப்பீர்கள். பரவாயில்லை, மே 1-ல் இன்னொன்று உண்டு. அதற்கடுத்து தாலுகா ஆபீசில் ஜமாபந்தி வரும். எல்லோரும் ஒரே நாளில் போங்கள், ஆளுக்கொரு மனு, ஒவ்வொன்றும் இரண்டு நகல். பட்டா நகலைப் பின்னால் குத்துங்கள். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்; "அப்புறம் வாங்க" என்றால் அங்கேயே உட்காருங்கள், மூன்று நிமிஷக் கணக்கெல்லாம் அங்கே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. அண்ணியையும் கூட்டிப் போங்கள், அவர் பிறந்த வீட்டிலும் ஒரு சிட்டா இருக்கிறது.